ஆட்டமும் ஆட்களும்

ஒரு நல்ல நாவலின் பெயரைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் அதிகம் யோசிப்பதில்லை. எனக்குப் பிடித்த நாலைந்தில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். கேட்டவருக்கு அது பிடிக்காவிட்டால் முப்பதாவது பக்கத்தில் மூடிவைத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. நாவலைத் தனியாகத்தானே படிக்கிறோம்? ஆனால் ஒரு நல்ல ஆட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் மட்டும் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. "யாரோடு ஆடப்போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. கேட்டவருடைய முகம் சற்று வாடிவிடுகிறது. யோசனை கேட்க வந்த இடத்தில் விசாரணை நடக்கிறதே என்று நினைக்கிறார் போலும்.

நான் சொல்வது உட்கார்ந்து ஆடும் பலகை ஆட்டங்களை. 'போர்டு கேம்' என்று இப்போது எல்லாரும் சொல்லுகிறார்கள். நகரங்களில் பெரிய கடைகளில் அதற்கென்றே அலமாரி ஒதுக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாலு பேர் கூடி ஆடுவது படித்தவர்களிடையே ஒரு வழக்கமாகி வருகிறது. நல்ல வழக்கம்தான், நாலு பேரும் நாலு செல்போன்களைப் பார்த்துக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிற முறைதான் எனக்குப் பிடிபடவில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். மூன்று முதல் ஆறு பேர், வயது பத்துக்கு மேல், நேரம் 90 நிமிஷம். வரன் விளம்பரத்தில் உயரமும் நட்சத்திரமும் போடுகிறார்களே, அந்த மாதிரி. அதைக் கொண்டு குணத்தைத் தெரிந்துகொள்ள முடியுமா?

இந்த ஆட்டங்களுக்கு விமர்சகர்கள் உண்டு, பரிசுகளும் உண்டு. ஜெர்மனியில் 1979-லிருந்து 'ஆண்டின் ஆட்டம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பட்டம் கொடுத்து வருகிறார்கள். முதல் பட்டம் டேவிட் பார்லெட் என்ற ஆங்கிலேயர் அமைத்த 'முயலும் ஆமையும்' என்ற ஆட்டத்துக்கு. 2001-இல் குழந்தைகளின் ஆட்டத்துக்கென்று ஒரு பட்டத்தைச் சேர்த்தார்கள். 2011-இல் ஆடிப் பழகியவர்களுக்கென்று இன்னொன்று வந்தது. 'எது சிறந்தது' என்று கேட்டுக்கொண்டிருந்த நடுவர்களே 'யாருக்குச் சிறந்தது' என்று கேட்கும்படி ஆகிவிட்டது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். இலக்கியத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆட்டத்தில் இதைக் கேட்காமல் ஓர் அடி நகர முடியாது. ஆட்டம் என்பது ரசிகனே மேடையேறி நடிக்கும் நாடகம். நடிகர் யார் என்று தெரியாமல் நாடகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

என் கட்சி இதுதான். ஆட்டம் வாங்குகிறவர்கள் ஜெயிக்கப்போகிறவரை மனத்தில் வைத்து வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது அவர்களாகவே இருக்கும். வாங்கவேண்டியது தோற்கப்போகிறவரை நினைத்து. நாலு பேர் உட்கார்ந்தால் ஒருவர் ஜெயிக்கிறார், மூன்று பேர் தோற்கிறார்கள். ஓட்டெடுத்தால் தோற்றவர் கட்சிக்குத்தான் மெஜாரிட்டி. ஜெயித்தவருக்கு எந்த ஆட்டமும் அருமையான ஆட்டம். தோற்கிறவரை அது எப்படி நடத்துகிறது என்பதுதான் விஷயம். தோல்வி தெரிந்த பிறகு அவரை எவ்வளவு நேரம் உட்கார்த்தி வைக்கிறது? அந்த நேரத்தில் அவருக்குச் செய்ய ஏதாவது வேலை கொடுக்கிறதா? எதனால் தோற்றோம் என்று அவருக்காவது விளங்குகிறதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வருவாரா?

இதற்கு மோனோபொலியைப்போல் உதாரணம் வேறில்லை. நம் ஊரில் பம்பாய், கல்கத்தா, சென்னை என்று ஊர்ப்பெயர்களைப் போட்டு 'டிரேட்' என்றும் 'பிஸினஸ்' என்றும் விற்றார்களே, அந்தக் குடும்பத்தின் மூத்த அண்ணன். அதன் பூர்வோத்தரம் ஸ்வாரஸ்யமானது. எலிசபெத் மாகி என்ற அமெரிக்கப் பெண்மணி 'நிலச்சுவான்தார் ஆட்டம்' என்று ஒன்றை அமைத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். அவர் ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளாதாரச் சிந்தனையாளரைப் பின்பற்றியவர். நிலத்தை வளைத்துப்போட்டவன் உழைக்காமலே வாடகையில் கொழுக்கிறான், ஆகையால் நிலத்தின் மதிப்புக்கே வரி போடவேண்டும் என்பது ஜார்ஜின் வாதம். அதை ஜனங்களுக்கு விளங்கவைக்கத்தான் மாகி ஆட்டம் செய்தார். இரண்டு விதமான விதிகள் வைத்திருந்தார். ஒன்றில் செல்வம் பெருகப் பெருக எல்லாருக்கும் பங்கு கிடைக்கும். மற்றதில் ஒருவன் பாக்கிப்பேரை ஓட்டாண்டியாக்கவேண்டும். இரண்டாவதுதான் உலகத்தில் நிலைத்தது. சார்லஸ் டாரோ என்பவர் தம்முடையது என்று சொல்லிக் கொண்டுவந்த வடிவத்தைப் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 1935-இல் வாங்கி வெளியிட்டது. மாகியின் உரிமையையும் 500 டாலருக்கு வாங்கி முடித்துவிட்டது.

இந்த ஆட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் "கடைசியில் சண்டையில் முடிகிறது, மணிக்கணக்கில் இழுக்கிறது, முதலில் பணக்காரனானவன் மேலும் மேலும் பணக்காரனாகிறான்" என்கிறார்கள். அதைச் சொல்லத்தானே அந்த அம்மாள் ஆட்டத்தைச் செய்தார்! வாடகை கொடுத்துக் கொடுத்து ஒருவன் நசுங்கிப்போவதைப் பார்த்து உங்கள் வயிறு எரியவேண்டும் என்பதுதான் நோக்கம். பிரசாரத்துக்காக எழுதிய நாவல்களில் நூற்றுக்கு ஒன்று உயிரோடு நிற்கும். பிரசாரத்துக்காகச் செய்த ஆட்டங்களில் நின்றது இது. ஒரு கலைப்படைப்பாகப் பார்த்தால் நான் அதற்கு நல்ல மதிப்பெண்ணே கொடுப்பேன். ஆனால் அதைப் பிறந்தநாள் பரிசாக வாங்கிப் பன்னிரண்டு வயது அக்காவையும் எட்டு வயது தம்பியையும் அப்பாவையும் வைத்து ஆடினால் என்ன ஆகும்? முதலில் திவாலாகிறவன் அந்தத் தம்பி. "நீ பாங்கியைப் பார்த்துக்கொள்ளடா" என்று ஒரு உத்தியோகம் போட்டுக்கொடுக்கிறார்கள். தன்னை ஓட்டாண்டியாக்கியவர்களுக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்துக்கொண்டு அவன் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருக்கவேண்டும். இதைவிட மோனோபொலிப் பலகையில் இருக்கிற ஜெயில் தேவலை. அங்கே மூன்று முறை உருட்டிப் பார்த்த பிறகு அபராதம் கட்டியாவது வெளியே வந்துவிடலாம்.

வீட்டுக்கு வீடு செய்துகொள்ளும் கருணைகளும் உண்டு. தம்பி அழுகிறானே என்று அப்பா கடன் கொடுக்கிறார். விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை. ஒருவன் வாங்க விரும்பாத மனையை ஏலம் போடவேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. அதை முக்கால்வாசி வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து ஆட்டத்தை இன்னும் ஒரு மணிநேரம் நீட்டுகின்றன. பையன் அதே இடத்தில்தான் போய்ச் சேருகிறான், கொஞ்சம் தாமதமாக.

உடனே "அதனால்தான் நம்முடைய பழைய ஆட்டங்களே உசத்தி" என்று ஒருவர் எழுந்திருப்பார். அவரை நான் கொஞ்சம் உட்காரச் சொல்கிறேன். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14; புளியங்கொட்டையோ சோழியோ போட்டு, அள்ளி அள்ளிப் பிரித்துக்கொண்டு போகிறோம். குழியில் நாலு சேர்ந்தால் பசு, குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு எவ்வளவு சாதுவான ஆட்டம்! ஆனால் ஒரு சுற்று முடிந்ததும் என்ன செய்கிறோம்? அவரவர் கையில் இருப்பதைக் கொண்டு அவரவர் குழியை நிரப்பவேண்டும். தோற்றவருக்கு ஐந்து குழிதான் நிரம்பும். பாக்கி இரண்டும் காலி. அந்த வறுமையோடுதான் அவர் அடுத்த சுற்றைத் தொடங்குகிறார். போன சுற்றின் கடனை இந்தச் சுற்றிலும் சுமக்க வைப்பதில் மாகி அம்மாளின் ஆட்டத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஒரு வித்தியாசம் உண்டு: இது இரண்டே பேர் ஆடுவது. தோற்கிறவரை விட்டுவிட்டு ஜெயிக்கிறவர்கள் தமக்குள் ஆடிக்கொண்டிருக்க முடியாது. மத்தியான்னத்தில் சாப்பாடு முடிந்து, அடுக்களையை ஒழித்துப்போட்டுவிட்டு உட்காரும் இரண்டு பேருக்கு, கை ஒரு பக்கம் ஓட வாய் ஒரு பக்கம் பேச, அதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை. யார் ஜெயித்தார்கள் என்பதே பாதி நேரம் மறந்துபோகும்.

குழந்தைகள் தோற்கப் பழகவேண்டாமா என்று கேட்பார்கள். நிச்சயமாகப் பழகவேண்டும். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துக் குழந்தையை ஜெயிக்க வைக்கிற பெரியவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. குழந்தைக்கு அது தெரிந்துவிடுகிறது, தெரிந்தபிறகு அது அவமானம். ஆனால் தோல்வியிலும் தரம் உண்டு. சதுரங்கத்தில் தோற்பது கடுமையான தோல்விதான். பழி போட ஒரு பகடைகூடக் கிடையாது. இருந்தும் அந்த ஆட்டத்தில் ஒரு பெரிய மரியாதை வைத்திருக்கிறார்கள். இனிமேல் பயனில்லை என்று கண்டவர் தாமே கை நீட்டி ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம். முடிக்கிற உரிமை தோற்கிறவர் கையில். அப்புறம் இரண்டு பேருமாகக் காய்களைத் திரும்ப அடுக்கி, இந்த இடத்தில் குதிரையை நகர்த்தியது தப்பு என்று பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தோல்வி கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருள். பாங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிற பையனின் தோல்வியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் கற்றுக்கொள்வது காத்திருப்பது ஒன்றைத்தான்.

ரோஜர் கய்வா என்ற பிரெஞ்சு அறிஞர் 1958-இல் எழுதிய புத்தகத்தில் ஆட்டங்களை நாலு ஜாதியாகப் பிரித்தார்: போட்டி, அதிர்ஷ்டம், வேஷம், கிறுகிறுப்பு. குடும்பத்துக்கு ஆட்டம் பார்க்கிறவர்கள் முதல் இரண்டின் கலவை விகிதத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பரமபத சோபன படத்தில் போட்டியே கிடையாது, முழுக்க அதிர்ஷ்டம். ஐந்து வயதுப் பேரனும் எழுபது வயதுப் பாட்டியும் அதில் சரிசமம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க அதை விரித்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். விடியவிடிய ஆடவேண்டும், வீட்டில் எல்லாரும் ஆடவேண்டும், யாரும் யாரிடமும் தோற்றதாக ஆகக்கூடாது. பாம்பு கடித்தால் பாம்பின் மேல்தான் கோபம். இந்தக் கூட்டத்தின் நடுவே சதுரங்கத்தை விரித்தால் பத்து மணிக்கே பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். ஆனால் அதே படத்தை நாலு வக்கீல்களுக்கு நடுவே விரித்துப் பாருங்கள். கால்மணி நேரத்தில் ஒருவர் கொட்டாவி விடுவார், தாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்துவிட்டதால்.

இந்தக் கலவையில் தாயத்துக்கு இணையாக நான் ஒன்றைப் பார்த்ததில்லை. கட்டையில் விழுவது அதிர்ஷ்டம். விழுந்ததைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது என்பது புத்தி. பல வீடுகளில் இன்னொரு விதியும் உண்டு: பிறருடைய காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம், பழம் எடுக்கலாம். இது கொடூரமான விதி என்று முதலில் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்தாளியாக வந்தவர், சங்கோசி, யாரையும் வெட்டாமல் ஓரமாகப் போய்விடலாம் என்று நினைக்கிறவர், இப்படி ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவர் தோற்பதே அந்த மரியாதையால்தான். இந்த விதி அவரை வெட்டச் சொல்கிறது. அண்ணியின் காயை வெட்டிவிட்டு "நான் என்ன செய்ய, ஆட்டம் அப்படி" என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் உண்மையில் ஆட ஆரம்பிக்கிறார். யார் இந்த விதியைச் செய்தார்களோ, அவர்களுக்கு மனுஷ சுபாவம் தெரிந்திருக்கிறது.

வெளிநாட்டு ஆட்டங்களில் இந்த நுட்பத்தைக் கண்டுகொண்டவர் கிளவுஸ் டாய்பர். பல்மருத்துவத் தொழிலுக்குச் செயற்கைப் பல் முதலியன செய்துகொடுத்துக்கொண்டிருந்தவர்; 1995-இல் 'கட்டான்' வெளியிட்டார். (நெடிலாக உச்சரித்துவிடாதீர்கள், நம் ஊரில் அது வசவு.) அதில் யார் பகடையை உருட்டினாலும் எல்லாருக்கும் ஏதாவது கிடைக்கலாம், மரம், செங்கல், கம்பளி என்று பண்டமாற்றுப் பேசவேண்டியிருப்பதால் தோற்றுக்கொண்டிருப்பவரிடமும் மற்றவர்கள் கெஞ்சவேண்டும், கடைசிவரை யாரையும் ஆட்டத்திலிருந்து தள்ளுவதில்லை. இது பெரிய நாகரிகம். ஒரு குறை: ஆரம்பத்தில் வைக்கிற இரண்டு வீடுகளை மோசமான இடத்தில் வைத்துவிட்டால் மாலை முழுவதும் கையை விரித்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். ஆகையால் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த முதல் இடத்தைப் பார்த்து வைத்துக்கொடுக்க ஒரு நல்ல மனிதர் கூட்டத்தில் இருந்தால் கட்டானை வாங்கலாம். பேரம் பேசப் பிடிக்காத கூட்டத்துக்கு வேண்டாம். பேசாமலே ஆடுகிற கட்டான், உப்பில்லாத ரசம்.

'டிப்ளொமஸி' என்று ஒன்று இருக்கிறது. ஆலன் கால்ஹமர் 1959-இல் வெளியிட்டது. 7 பேர், 7 வல்லரசுகள், பகடையே கிடையாது. ஒருவரோடு ஒருவர் தனியே போய் ரகசியமாக ஒப்பந்தம் பேசிக்கொள்வார்கள். பேசியதைக் காப்பாற்றவேண்டும் என்று விதியில்லை. பிரமாதமான அமைப்பு. திங்கட்கிழமை காலையில் எவரோடு ஒரே ஆபீஸில் உட்காரவேண்டுமோ அவரோடு மட்டும் ஆடக்கூடாது.

போட்டியே வேண்டாம், எல்லாரும் ஒரு கட்சியாகச் சேர்ந்து ஆட்டத்தையே எதிர்த்து ஆடுவோம் என்று ஒரு வகை கிளம்பியிருக்கிறது. மாட் லீகாக் 2008-இல் வெளியிட்ட 'பாண்டமிக்' அதில் பிரசித்தம். உலகத்தில் பரவும் நாலு கொள்ளைநோய்களுக்கு மருந்து காணவேண்டும். 2020-க்குப் பிறகு அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தோற்றால் எல்லாரும் தோற்கிறோம் என்பதால் என் கட்சிக்கு இது உகந்த ஆட்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஆவலோடுதான் உட்கார்ந்தேன். எங்கள் கூட்டத்தில் இஞ்சினியர் ஒருவர் உண்டு. கெட்டிக்காரர், நல்லவர். இரண்டாவது சுற்றிலேயே "நீங்கள் லாகோஸுக்குப் போங்கள், நீங்கள் அந்தச் சீட்டை இவரிடம் கொடுங்கள்" என்று எல்லாருக்கும் காரியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னது அத்தனையும் சரி. உலகத்தைக் காப்பாற்றிவிட்டோம். அதாவது அவர் காப்பாற்றினார், நாங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தோம். தோல்வியே இல்லாத ஆட்டத்திலும் மூன்று பேர் தோற்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட ஒருவர் உங்கள் கூட்டத்திலும் இருந்தால் அந்துவான் பௌஸாவின் 'ஹனாபி'யைப் பாருங்கள். அதிலும் எல்லாரும் ஒரு கட்சிதான். ஆனால் அவரவர் சீட்டு அவரவருக்குத் தெரியாது. முதுகைத் தம் பக்கம் வைத்து மற்றவர்களுக்கு மட்டும் காட்டவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தம் சீட்டைத் தெரிந்துகொள்ளப் பிறர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். எங்கள் இஞ்சினியருக்கு அது ஆரோக்கியமாக இருந்தது.

இன்னொரு விஷயம் பாஷை. சொல்லை வைத்து ஆடும் ஆட்டங்களைப் படித்தவர்களின் கூட்டத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறார்கள். ஸ்க்ராபிள் ஆடினால் இலக்கியம் படித்தவர்தான் ஜெயிப்பார் என்று ஒரு நினைப்பு. 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தவர் நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூஸிலாந்துக்காரர். அவருக்குப் பிரெஞ்சில் பேசத் தெரியாது, அகராதிச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போனார். சொல் அங்கே வெறும் காய். அதன் பொருளுக்கு வேலையில்லை. இது புரியாமல் ஸ்க்ராபிளுக்கு உட்காருகிற தமிழாசிரியர்களும் கவிஞர்களும் இரண்டெழுத்துச் சொற்களை உருப்போட்ட ஒரு காலேஜ் பையனிடம் தோற்றுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள்.

பொருளோடு ஆடும் ஆட்டமும் உண்டு. 2015-இல் விளாடா குவாடில் என்ற செக் நாட்டுக்காரர் வெளியிட்ட 'கோட்நேம்ஸ்' அது. மேஜையில் 25 சொற்களைப் பரப்பி, கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்கிறது. கட்சிக்கு ஒருவருக்கு மட்டும் தம் கட்சிச் சொற்கள் எவை என்று தெரியும். அவர் ஒரே ஒரு சொல்லையும் ஓர் எண்ணையும் சொல்லவேண்டும். அந்தக் குறிப்புக்குப் பொருந்துகிற சொற்களை அவர் கட்சிக்காரர்கள் தொட்டுக் காட்டவேண்டும். தவறித் தொட்டால் எதிர்க்கட்சிக்கு லாபம். கடையில் விற்கிற இங்கிலீஷ் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய கலியாணப் பத்திரிகைகளை வெட்டி அதன் பின்பக்கத்தில் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டால் நம் வீடுகளுக்கு அற்புதமாகப் பொருந்துகிறது. திருச்சியில் ஒரு நண்பர் வீட்டில் அப்படித்தான் ஆடினார்கள். அவருடைய அக்கா, பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு நிறுத்தியவர், 'மதுரை, மூன்று' என்றார். மல்லிகை, மீன், சங்கம் என்று மூன்றையும் தொட்டார்கள். மீன் எப்படி என்று கேட்டதற்கு "மீனாட்சி கண்ணு என்ன மாதிரி இருக்கும்?" என்று அலட்சியமாகக் கேட்டார். மீன் கொடி பறந்த ஊர் என்று விளக்கம் சொல்ல வாயெடுத்த நான் சும்மா இருந்துவிட்டேன்.

அதே வீட்டில் அதே மாலையில் இன்னொன்றும் நடந்தது. அந்த வீட்டுக்கு மருமகள் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. படித்த பெண், ஆட்டத்தின் விதியை எல்லாருக்கும் முன்னால் புரிந்துகொண்டவள். அவளுடைய கணவன் குறிப்புச் சொல்கிற முறை வந்தது. 'மாயவரம், மூன்று' என்றான். அத்தையும் நாத்தனாரும் உடனே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். குடை, குதிரை, பாயசம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் மாயவரத்தில் நடந்த ஒரு கலியாணத்தின் கதை அது. அந்தப் பெண்ணைத்தான் முதலில் தொடச் சொன்னார்கள். அவள் யோசித்து 'ரயில்' என்ற சீட்டைத் தொட்டாள். மாயவரம் ஜங்ஷன் அல்லவா, நியாயமான ஊகம். அது எதிர்க்கட்சிச் சொல். "ரயிலைத் தொட்டுட்டியேம்மா!" என்று எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் துளிக்கூட விஷமம் இல்லை. அப்புறம் கலியாணக் கதையை ஆளுக்கு ஒரு வாக்கியமாகச் சொல்ல முயன்றார்கள். சிரிப்பில் அதுவும் முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் கூடவே சிரித்துக்கொண்டிருந்துவிட்டு "நான் காபி கலந்து கொண்டுவருகிறேன்" என்று எழுந்துபோனாள். ஆட்டம் முடிகிறவரை காபி வரவில்லை.

இந்த ஆட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. குறிப்பும் நல்ல குறிப்பு. அந்தக் கூட்டத்துக்குத்தான் அது பொருந்தவில்லை. பழைய நினைவுகளை மூலதனமாக வைத்து ஆடும் ஆட்டத்தில், அந்த மூலதனத்தில் பங்கில்லாத ஒருவரை உட்கார வைத்தால் அவர் தோற்பது ஆட்டத்தில் மட்டுமல்ல. நீ வெளி மனுஷி என்று அவர்கள் யாரும் கனவிலும் சொல்லமாட்டார்கள், ஆட்டம் சொல்லிவிட்டது. ஒரு சின்ன மாறுதல் போதும். அவளையே குறிப்புச் சொல்கிறவளாக உட்கார்த்தியிருக்கவேண்டும். அவள் ஒரு சொல் சொல்ல, அவர்கள் முழித்துக்கொண்டு அவளுடைய ஊர், அவளுடைய பள்ளிக்கூடம், அவள் வீட்டுக் கலியாணம் எல்லாவற்றையும் ஊகம் செய்து பார்த்திருக்கவேண்டும். அல்லது அந்த வீட்டில் முதல் ஒரு வருஷத்துக்குத் தாயம்தான் ஆடவேண்டும். அதில் வெட்டுகிறவளுக்கு வீட்டின் சரித்திரம் தெரிந்திருக்கவேண்டியதில்லை. இதை நான் அங்கே சொல்லவில்லை. நண்பரின் மனைவி, தட்டில் சீவல் வைத்துக்கொண்டு வந்தவர், ஒரு தடவை அடுக்களைப் பக்கம் பார்த்ததை மட்டும் பார்த்தேன். அடுத்த தடவை போனபோது கலியாணப் பத்திரிகைச் சீட்டுகள் வெளியே வரவில்லை.

கடைசியாக, ஒருவர் எப்போதும் ஜெயிக்கிற கூட்டம். இதற்கு ஜப்பானிலும் சீனாவிலும் 'கோ' ஆடுகிறவர்கள் நெடுங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பலவீனமான ஆட்டக்காரர் பலகையில் முன்கூட்டியே 2 முதல் 9 காய்கள்வரை வைத்துக்கொண்டு தொடங்கலாம். வித்தியாசத்தை மறைப்பதில்லை, எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள். எண்ணிச் சொன்ன வித்தியாசத்தில் அவமானம் இல்லை. போன வருஷம் ஏழு, இந்த வருஷம் ஐந்து என்று சந்தோஷப்படவும் இடம் உண்டு. நம்மிடம் ஆடுபுலி இருக்கிறது. 3 புலி, 15 ஆடு, ஆரம்பத்திலேயே இரண்டு பக்கமும் சமம் இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆட்டம். புலிக்குத் தாண்ட இடம் கிடைக்கிறதா என்று பார்க்கிற ஒரு கண் போதும். ஆட்டுக்காரர் பதினைந்தையும் சேர்த்து நினைக்கவேண்டும். ஒன்றைக் கொடுத்து வழியை அடைக்கலாமா என்று கணக்குப் போடவேண்டும். பொறுமைசாலிக்கு ஆடு, அவசரக்காரருக்குப் புலி என்று ஒரே பலகையில் இரண்டு சுபாவங்களுக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் பேரனும் மாலையில் வாசல் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு ஆடுகிறார்கள். பையனுக்கு ஒன்பது வயது. எப்போதும் அவனுக்குப் புலி, தாத்தாவுக்கு ஆடு. போன சனிக்கிழமை அவன் ஆட்டைக் கேட்டிருக்கிறான். "கொடுத்தீர்களா?" என்றேன். "கொடுக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் போகட்டும்" என்றார் பெரியவர். கோடு மட்டும் அழியாமல் இருக்கிறது.